எண்பத்து நான்கு நாற்காலிகள்

உத்ரெக்டிலிருந்து ஃபென்னா கேட்கிறாள்:
ஆகஸ்டில் எலுமிச்சை மஞ்சளாக இருக்குமா?
ஏழரை மணிக்கு வெயில்
எந்தப் பக்கமிருந்து விழும்?
தேவாலயத்து மணி
கொஞ்சம் சுருதி இறங்கி ஒலிக்கிறதே,
சரிசெய்ய ஆள் உண்டா?

வெயில் இடப்பக்கம் என்று எழுதினேன்.
ஆகஸ்டில் எங்கள் எலுமிச்சை பச்சைதான்.
மெஸ்ஸீனாச் சந்தையில் மஞ்சளாகப் பொறுக்கி
கிளைகளில் கம்பிபோட்டுக் கட்டித் தரலாம்,
பழத்துக்கு ஒரு விலை, கட்டுவதற்கு ஒரு விலை.
சம்மதித்தாள்.
மணியைப் பற்றி மட்டும் பதில் போடவில்லை.

எதிர்த்தீவு எரிமலை
அன்றைக்குப் புகைய வேண்டுமாம்,
ஆனால் அளவாக.
அதையும் குறித்துக்கொண்டேன்.

பொன்வண்ணம் பூசிய நாற்காலிகள் எண்பத்து நான்கு
மிலாட்சோவிலிருந்து படகில் வர வேண்டும்.
காற்று எழுந்தால் படகு கிடையாது,
படகு இல்லையென்றால்
கல்யாணத்தை நின்றுகொண்டு பார்க்கலாம் என்கிறான் பார்த்தோலோ.
சிரிப்பதற்கும் சேர்த்துத்தான்
அவனுக்குக் கூலி.

மார்ச்சில் அகத்தினா கூப்பிட்டாள்.
மன்ஹைமில் அவளுக்கு
குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை.
ஊமித்தை எனக்கு
கைபேசியில், தோள்வரைக்கும் தெரியும்.
"அம்மா, பதிவு அலுவலகத்தில் நாள் கிடைத்துவிட்டது.
ஆகஸ்ட் இருபத்திரண்டு. வெள்ளி."

இருபத்திரண்டு
நாற்காலி வந்து இறங்கும் நாள்.

வேறு நாள் கேட்டுப்பாரேன் என்றேன்.
நவம்பர்தானாம்.
நவம்பரில் அவளுக்கு இரவு பகல் பாராத வேலை,
ஊமித்தின் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
அங்கே யாரோ பாத்திரம் கழுவுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
பிறகு என் வாயில் வந்தது:
எத்தனை நாற்காலி?

"பன்னிரண்டு. அங்கேயே இருக்கும்.
யாரும் ஏற்றி இறக்க வேண்டாம்."

போயிருக்கலாம்.
பார்த்தோலோ பார்த்துக்கொள்வான்.
பார்த்துக்கொள்ள மாட்டான்.
இந்த நான்கு மாதக் கல்யாணங்கள்தான்
மற்ற எட்டு மாதத்துக்கு
அடுப்பெரிக்கின்றன.
இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு
தூங்கிப்போகிற பழக்கம்
எனக்கு உண்டு.

வெள்ளிக்கிழமை காற்றே இல்லை.
கடல் இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது.
நாற்காலிகளை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறோம்,
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு,
படம் வந்தது.
கை நிறைய நாற்காலி.
பார்க்கவில்லை.

சனிக்கிழமை ஏழரை மணி,
புகைப்படக்காரன் காத்திருந்த முகூர்த்தம்.
வெயில் இடப்பக்கமிருந்துதான் விழுந்தது.
எரிமலை அளவாகப் புகைந்தது,
அதற்கு நான் காசு வாங்கவில்லை.
மணி அடித்தது, தன் பழைய சுருதியில்.
ஃபென்னா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.
ஏனென்று கேட்பது என் வேலையில் இல்லை.

மாப்பிள்ளையின் சித்தி
கையில் கோப்பையோடு என்னிடம் வந்தாள்:
"உங்களுக்கென்ன, பாக்கியசாலிகள்.
இவ்வளவு அழகையும் வாசலில் வைத்துக்கொண்டு
கல்யாணத்துக்கு எங்கேயும் போகவே வேண்டாம்."
ஆமாம் என்றேன்.
இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

இப்போது மணி மூன்று.
எண்பத்து மூன்று நாற்காலிதான் இருக்கிறது.
ஒன்று கடலுக்குள் என்கிறான் பார்த்தோலோ,
யார் போட்டார்களாம் தெரியாது.
ஏணியில் ஏறி
எலுமிச்சைக் கம்பிகளை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.
கட்டைவிரல் கிழிந்ததால்
படத்தைத் திறந்தேன்.

கண்ணாடிக் கதவு. அதில் ஜெர்மனில் ஏதோ எழுத்து,
தள்ளவும் என்றோ இழுக்கவும் என்றோ.
அகத்தினா மழைக்கோட்டில்.
ஊமித்துக்குக் கால்களும் இருக்கின்றன, நீளமாக.
விரல்களால் விரித்து விரித்துப் பார்த்தேன்:
அவள் காலணி புதிது.
பூங்கொத்து பெட்ரோல் நிலையத்தில் வாங்கியதாக இருக்கும்,
ரிப்பனைத் தப்பாகக் கட்டியிருக்கிறாள்,
முடிச்சு வெளியே தெரிகிறது.

முடிச்சைப் பற்றி எழுதினேன்.
அழித்தேன்.
மழை எந்தப் பக்கமிருந்து பெய்தது
என்று கேட்டு அனுப்பினேன்.

பதில் இல்லை, தூங்குவாள்.
இன்னும் பதினாறு கிளை பாக்கி.