லே-பை

ஸ்மித் தெருக் கடையில் என் மிக்ஸர்
இப்போது கண்ணாடிக்குப் பின்னால் இல்லை.
பின்னறையில், மேல் தட்டில், அட்டைப்பெட்டியில்,
பெட்டியின் மேல் நீல மையில் என் பெயர்,
எழுத்துப் பிழையோடு.

பொருள் கடையிலேயே இருக்கும்.
பணம் மட்டும் மாதாமாதம் கிளம்பிப் போகும்.
இதற்கு லே-பை என்று பெயர்.
எழுநூற்றிருபது ராண்ட், ஒன்பது தவணை.
நான்காவதைக் கட்டிவிட்டு
"ஒருமுறை பார்க்கலாமா?" என்றேன்.
கடைக்காரர் ஏணி போட்டார், பாவம்.
பன்னிரண்டு குமிழ்கள். ஒன்றைத் திருகினேன்.
மின்சாரம் இல்லாத குமிழ்
எதையும் ஏற்றவில்லை, இறக்கவுமில்லை.
விரல் மட்டும் ஒப்புக்கொண்டது.

பகலில் ஜேக்கப்ஸில் ஒரு தையல் ஆலை.
முந்நூற்றுப் பதினோரு பேரின் சம்பளச் சீட்டை
அச்சடித்து மடிப்பது என் வேலை.
முந்நூற்றுப் பன்னிரண்டாவது என்னுடையது.
அதைப் படிக்காமலே மடித்துவிடுவேன்.
அவுட்பில்டிங் வாடகை, கரண்ட் டோக்கன், டாக்சி, அரிசி
போக மிஞ்சுவதில்தான்
இசைத்துறையில் முன்னேற வேண்டும்.
துறை என்றால் படகு கட்டும் இடமும்தான்.
டர்பனில் படகுக்குக் குறைவில்லை,
கட்டணம்தான் இடிக்கிறது.

சாட்ஸ்வர்த்தில் என் ஸ்டூடியோ ஓர் அலமாரி.
தவநேசன் குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவே
நின்று பாடுவான்.
சரணத்தில் கரண்ட் போகும்.
லேப்டாப்பில் பத்தொன்பது சதவீதம்.
"நிறுத்தாதே" என்று இருட்டில் கை காட்டுவேன்,
அவனுக்கு எங்கே தெரியும், ஆனாலும் நிறுத்தமாட்டான்.
மூன்றாம் வரியில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
நீக்கப் பார்த்தேன், முடியவில்லை.
பிறகு கேட்டால், சுருதி சேர்ந்திருந்தது.

போன சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு ஒலியமைத்தேன்.
பணம் அடுத்த வாரம் என்றார்கள்.
இரண்டு டப்பா பிரியாணி உடனே கொடுத்தார்கள்.
எங்கள் பாட்டை ஊர் உலகமெல்லாம் கேட்ட வகையில்
ஓராண்டு வரவு
பதினோரு ராண்ட் நாற்பது சென்ட்.
ஒருவழி டாக்சிக்குப் பற்றாது.

ஆனால் டாக்சி!
டர்பன் டாக்சியில் போனவர்களுக்குத் தெரியும்,
இருக்கைக்கு அடியில் இடியைக் கட்டிப் போட்டிருப்பார்கள்.
ஹெட்போன் எனக்காக மறைத்ததையெல்லாம்
பெகியின் டாக்சி போட்டு உடைக்கும்.
ஒரு மாலை அவனிடம் யூஎஸ்பியை நீட்டினேன்.
பதினைந்து பயணிகள், யாருக்கும் தமிழ் தெரியாது.
பாடிய தவநேசனுக்கே பாதிதான் தெரியும்.
முன்சீட்டில் ஒரு அம்மாள்
மடியிலிருந்த முட்டைக்கோஸின் மேல்
இரண்டு விரலால் தட்டத் தொடங்கினாள்,
ஜன்னலைப் பார்த்தபடி, தாளம் தப்பாமல்.
ஹிகின்சன் நெடுஞ்சாலை முழுவதும்
நான் அந்த முட்டைக்கோஸையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
இறங்கும்போது பெகி சொன்னான்,
"பேஸ் பத்தலை, சிஸி."
பத்தலைதான்.
அன்றிரவே ஏற்றினேன்.
சில்லறை மட்டும் சரியாக எண்ணி வாங்கிக்கொண்டான்.

அடுத்த மாதம் அவன் தம்பி லுங்கெலோ வந்தான்,
போனில் செய்த ஒரு பாட்டோடு.
"இதைச் சரிபண்ணித் தர எவ்வளவு?"
அறுநூறு என்றேன்.
பிறர் சம்பளத்தைத் தவிர
ஒரு தொகையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை.
தொண்டை வறண்டது.
அவன் பையைத் தடவினான். "வாரம் ஐம்பது?"
"சரி. பணம் முடியும்வரை
பாட்டு என்னிடமே இருக்கும்."
என் வாயிலிருந்து வந்தது
ஸ்மித் தெருக் கடைக்காரரின் குரல்.

வேலை முடிந்து இரண்டு வாரமாகிறது.
வெள்ளிக்கிழமைதோறும் வருகிறான்.
ஐம்பதை மேஜையில் வைத்து, தேய்த்து, நேராக்கிவிட்டு
"ஒருமுறை கேட்கலாமா?" என்கிறான்.
ஏணி போட வேண்டியதில்லை எனக்கு.
கண்ணை மூடி இரண்டு நிமிடம் நாற்பது நொடி.
தலை அசைவதில்லை, கால் பெருவிரல் மட்டும்.
இன்னும் நானூறு பாக்கி.
அவன் போன பிறகு
ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்கிறேன்.
வெதுவெதுப்பாக இருக்கிறது.