இரண்டு விரல்

“வைமோவானா ஒரு நிமிடம்கூட
அடங்கி உட்காருவதில்லை”
என்று மிஸ் கார்மோடி எழுதி அனுப்பியபோது
எனக்குச் சிரிப்புதான் வந்தது.
எங்கள் வீட்டில் யார் அடங்கி உட்கார்ந்தோம்?

அது செப்டம்பர்.
பொரிருவாவில் காற்று
குப்பைத்தொட்டிகளை மேட்டுக்கு உருட்டும் மாதம்.

ஜூலையில் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.
எலுமிச்சை இலைத் தேநீர், கழுத்தில் கம்பளித் துணி.
மூன்றாம் நாள் பள்ளிக்குப் போனாள்.
நாங்கள் மறந்துவிட்டோம்.
உடம்பு மறக்கவில்லை.

முதலில் ஒரு கோப்பை உடைந்தது.
பிறகு சூப்புக் கிண்ணம்.
பிறகு சட்டைப் பொத்தான்
துளையைத் தேடித் தேடி அழுதது.
துறுதுறு, வாலு, காலில் சக்கரம்:
செல்லமாகச் சொன்ன சொற்களையே
பல்லைக் கடித்துச் சொல்லத் தொடங்கினேன்.

அக்டோபரில் வெள்ளை ஞாயிறு.
தேவாலயம் முழுக்க வெள்ளை உடுப்புக் குழந்தைகள்.
சங்கீதம் சொல்ல எழுந்தாள்.
தோள் ஒரு பக்கம் வெட்டியது,
நாக்கு வசனத்திலிருந்து வழுக்கியது,
முகம் தானாக எதையோ கேலி செய்தது.
பின் வரிசையில் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் கையில் அடித்தேன்.
அடித்த கை நின்றது.
அடிபட்ட கை நிற்கவில்லை.

சியேனிதான் இரண்டு நோட்டுகளை
மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள்.
ஏப்ரல் எழுத்து கோட்டில் நடந்தது.
அக்டோபர் எழுத்து
பாறையில் உருண்டு விழுந்த ஆடு மாதிரி.
“குறும்புக்காரி கையெழுத்தையுமா கெடுப்பாள்?” என்றாள்.
என்னிடம் பதில் இல்லை.
தூங்கும் மகளைப் போய்ப் பார்த்தோம்.
ஒரு விரல்கூட அசையவில்லை.

கேனன்ஸ் க்ரீக் மருத்துவமனையில் டாக்டர் நைரி
தன் இரண்டு விரலை நீட்டினார்.
“பிடி. விடாமல் பிடி.”
வைமோ பிடித்தாள். இறுக்கினாள், தளர்த்தினாள்,
இறுக்கினாள்,
பால் கறப்பதுபோல.
அவள் விட நினைக்கவில்லை; நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.
உதட்டைக் கடித்துக்கொண்டு
அத்தனை பாடுபட்டாள்.

“கொரியா” என்றார் டாக்டர்.
நாட்டின் பெயரை ஏன் சொல்கிறார் என்று விழித்தேன்.
தொண்டைக் கிருமியை விரட்டக் கிளம்பிய படை
ஆள் தெரியாமல்
சொந்த மூளையையே தாக்கிவிட்டதாம்.
கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு நடனம் என்று பொருளாம்.
நடனமா?
நான் அடித்தது நினைவுக்கு வந்தது.

பிறகு ஸ்டெதாஸ்கோப்பை வைத்து
நெடுநேரம் பேசாமல் கேட்டார்.
படை நெஞ்சுக்குள்ளும் போயிருந்தது.
ஒரு வால்வு கசிகிறது.

இருபது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன்.
நிற்கும் வண்டி குலுங்கினால்
வண்டியைத் திட்டமாட்டேன்,
இறங்கிப் போய் மூடியைத் திறப்பேன்.

“இந்தத் துறுதுறுப்பு ஒரே நோய் இல்லை” என்றார் டாக்டர்.
பிறவியிலேயே அப்படி ஓடும் மூளை உண்டு.
அதுவும் குறும்பு அல்ல, அதற்கும் உதவி உண்டு.
கழுத்துச் சுரப்பி மிகையாய்ச் சுரந்தாலும் வரும்.
குறட்டையில் மூச்சடைத்து
இரவெல்லாம் சரியாகத் தூங்காத பிள்ளை
பகலில் சோர்வதற்குப் பதிலாகத் துள்ளும்.
“சில சமயம் ஒன்றுமே இல்லை,
எட்டு வயது, அவ்வளவுதான்.”
எது எது என்று எப்படித் தெரியும் என்றேன்.
“எப்போது தொடங்கியது என்று கேளுங்கள்.
இவள் முன்பு இப்படி இல்லை, இல்லையா?”
இல்லை.
என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இருபத்தெட்டு நாளுக்கு ஒரு ஊசி,
இடுப்பில், கெட்டியான மருந்து,
இருபத்தோரு வயதுவரை.
என் ஷிஃப்ட் அட்டவணையில் அந்த நாட்களுக்குச் சிவப்பு வட்டம்.
முதல் ஊசிக்குப் பிறகு
கையை அவள் முன் நீட்டி மன்னிப்புக் கேட்டேன்.
ஐஸ்கிரீம் கேட்டாள்.

கோடைக்குள் தோள் அடங்கியது. பொத்தான் துளையைக் கண்டது.
இப்போது எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை.
அவள் ஓடினால் பயம், சும்மா இருந்தால் பயம்.
கடைசி நிறுத்தத்தில் பயணிகள் இறங்கியதும்
முன் சீட்டில் இருப்பவளிடம்
இரண்டு விரலை நீட்டுகிறேன்.
பிடிக்கிறாள். நேராக, கெட்டியாக,
எலும்பு வலிக்கும் அளவுக்கு.

திடீரென்று இறுக்கம், தளர்வு, இறுக்கம்.
எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள்
விழுந்து விழுந்து சிரிக்கிறாள்:
“சும்மா, அப்பா.”