ஒன்றரைப் பவுண்டு

நெப்ராஸ்காவில் ஜூலை.
காலை ஆறு மணிக்கே தகரக் கொட்டகை
வாணலியாகத் தொடங்கிவிடும்.
எடைமேடை என் பொறுப்பு.
தானியக் கிடங்கில் லாரி நிறுப்பவள்தானே,
நீயே நில் என்றார்கள்.
ஒன்பது வருடமாக நிற்கிறேன்.

சம்பளம் கிடையாது.
ஆண்டுக்கு ஒரு தொப்பி உண்டு,
அதில் 'கால்நடை' என்ற சொல்லில் ஓர் எழுத்து குறையும்.
மற்றபடி மரத்தூள் மூட்டைக்குப் பேரம் பேசுவது,
பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு குடும்பங்களின் பன்றிகளை
அடுத்தடுத்த பட்டியில் அடைக்காமல் பார்த்துக்கொள்வது,
இவைதான் எங்கள் குழு.

பிரென்னா ஸ்டோல்மன், பதினொரு வயது.
கயிற்றின் மறுமுனையில் பிஸ்கட்:
கறுத்த முகம், காதில் நீல வில்லை.
தொண்ணூற்றெட்டரை.
ஏலத்துக்கு நூறு வேண்டும்.
மேடையின் சாணத்தைச் சுரண்டி,
முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து
மறுபடி நிறுத்தேன்.
தொண்ணூற்றெட்டரை.

இந்த இடத்தில் பிள்ளைகள் அழுவார்கள்.
அதற்கென்றே சட்டைப்பையில் டிஷ்யூ வைத்திருப்பேன்.
அவள் அழவில்லை.
ஷூ லேஸ் கட்டுவதுபோல்
சட்டென்று குனிந்து முகத்தை மறைத்தாள்.
அவள் போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.
ஜூன் மாதம் முழுக்க, வேலை முடிந்து நான் திரும்புகையில்
சரளைச் சாலையில் அவளும் ஆடும்
ரயில்வே கேட் வரை நடப்பார்கள்,
திரும்புவார்கள், மறுபடி நடப்பார்கள்.
பொறுப்பான பெண் என்று ஹாரன் அடித்துப் பாராட்டியிருக்கிறேன்.
அவள் அப்பா கிடங்குக்கு வந்து தீவனம் தூக்கும்போது
இந்த வருஷம் எங்கள் கோழிகள்
வாத்து மாதிரி ஆடி ஆடி நடக்கின்றன என்று
சிரித்ததும்.

இரவு பத்து மணி. ஆறிய பீட்ஸா, ஒரு மேசை விசிறி, ஏழு பேர்.
"ஒன்றரைப் பவுண்டுக்காக
ஒரு குழந்தை மனசை உடைக்கணுமா?"
டுவேன் கிராடோக்வில் தொண்டை கம்மக் கேட்டார்.
மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
வங்கி மேலாளர் நல்ல விலைக்கு எடுப்பாராம்,
கல்லூரிச் செலவுக்கு ஆகுமாம்.
எல்லோரும் நல்லவர்கள்.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தெரிந்ததைச் சொன்னால் அது பதினான்காம் பக்கம்:
வேண்டுமென்றே எடையை மாற்றுதல்,
மூன்றாண்டுத் தடை.
சொல்லாவிட்டால்
இவர்கள் கருணையே பிஸ்கட்டை லாரியில் ஏற்றிவிடும்.

மூன்று கை உயர்ந்தது, மூன்று உயரவில்லை.
என்னைப் பார்த்தார்கள்.

"விதி விதிதான்" என்றேன்.
வாழ்நாளில் நான் வெறுத்த வாக்கியம்,
என் வாயில் அப்படிக் கச்சிதமாகப் பொருந்தியது.
வாகன நிறுத்தத்தில் யாரோ சொன்னார்கள்:
தராசைப் பிடித்துப் பிடித்து
அவளும் இரும்பாகிவிட்டாள்.
யார் குரல் என்று தெரியும். போகட்டும்.

சனிக்கிழமை இரவு ஏலம் முடிந்து
சரிவுப் பலகையில் குளம்புச் சத்தம்.
லாரியில் ஏறுவதை எண்ணுவதும் என் வேலைதான்.
நாற்பத்தொன்று வரவேண்டும்.
நாற்பதில் நின்றது.

கடைசிப் பட்டியில் ஆர்லோ டிங்மன்.
அவன் ஆடு நூற்று முப்பத்தொன்று,
தீவன அளவு, தேதி, எல்லாம் நோட்டில் பென்சிலால்;
எங்கள் கையேடு சொன்னதை
ஒரு வரி விடாமல் செய்த பையன்.
ஆட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தான்.

கையேட்டை எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.
முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன்.
லாரிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

டிஷ்யூவை நீட்டினேன்.
அவன் வாங்கி
ஆட்டின் மூக்கைத் துடைத்துவிட்டான்.