ஒரு சாண் தளர்வு

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றேகால்.
அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள்
என்ன, என்ன என்று
ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன.
‘குவாரி வெடியாக்கும்’ என்று பிறீடா திரும்பிப் படுத்தாள்.
இந்நேரம் எந்தக் குவாரியில் வெடி வைப்பான்?
சுவிட்சுக்குப் போன விரலைத்
தொழில் பிடித்து நிறுத்தியது.
இருட்டில் மூக்காலேயே வீட்டைச் சுற்றி வந்தேன்.
வாடை ஒன்றுமில்லை.

கண்ணை மூடினால்
கருங்கலிலிருந்து குறும்பனை வரை
நான் மாட்டிய கேஸ் ஹீட்டர்கள்,
ஏழு வருஷத்தில் நூற்றுப்பன்னிரண்டு,
வந்து வரிசையில் நின்றன.

முதல் நாற்பதும் காணக் கொள்ளாம்:
செம்புக் குழாய், அடிக்கோல் வைத்ததுபோல் நேர்,
சுவரோடு ஒட்டி, ஒரு தொய்வு கிடையாது.
படம் மாட்டுவதுபோல் ஒற்றை ஆணியில் பெட்டி.
அடுத்த வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

நாற்பத்தொன்றாவது, குறும்பனையில் வறுவேல் வீடு.
என்னைவிட நாலு வயசு இளையவன், கப்பலில் என்ஜின் ரூம்.
என் குழாயைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான்.
‘இது கரையில நிக்கியவன் செஞ்ச வேல.
ஆடுய இடத்துல
விறைச்சு நிக்கியதுதாம் ஓய் முதல்ல ஒடியும்.’
முகம் சுட்டது. கழற்றினேன்.
வளையும் ஹோஸ், ஒரு சாண் கூடுதல் விட்டு.
பெட்டிக்கு மேலே ஒன்று கீழே ஒன்று இரும்புப் பட்டை.
சிலிண்டருக்குச் சங்கிலி.
தூக்கக் கலக்கத்திலும் கை தேடிப்போகும் இடத்தில் வால்வு.
அன்று முதல் அப்படித்தான்.
ஆனால் அந்த நாற்பது?

லில்லிபுஷ்பம் டீச்சரோடுதான் பெரிய சண்டை.
மகளுக்குப் பேறுகாலம், நாற்பத்தொரு நாளும் வேதுவெள்ளம் வேணும்.
பாத்ரூமுக்குள்ளேயே மாட்டு என்றார்.
ஜன்னல் இல்லாத பாத்ரூம்.
தீ முதலில் மூச்சைக் குடிக்கும் டீச்சர்,
அப்புறம்தான் வெள்ளத்தைச் சுடவைக்கும் என்று சொல்லி
வெளிச்சுவரில் மாட்டினேன்.
‘அதென்ன ஹோஸ், குடல் மாதிரி தொங்குது?
நிலம் ஆடுயதுக்கு இது ஜப்பானா?’
கூலியில் முந்நூறு பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. கோயிலுக்குப் போகவில்லை.
பழைய டைரி, ஸ்பேனர், ஒரு குப்பியில் சோப்புவெள்ளம்.

திக்கணங்கோட்டில் தாசையன் வீடு, டைரியில் மூன்றாவது.
பழைய மண்சுவர். ஆணி பாதி வெளியே வந்திருந்தது.
நட்டைச் சுற்றிச் சோப்பைத் தடவிக் காத்திருந்தேன்.
ஒரு குமிழ் எழுந்தது, கடலைப்பருப்பளவு.
உடைந்தது.
இன்னொன்று.
நேற்று ராத்திரி பிறந்ததா,
ஏழு வருஷம் முன்பு நான் விட்டுவிட்டுப் போனதா,
குமிழ் சொல்லவில்லை.
அடுக்களையில் பப்படம் பொரிந்துகொண்டிருந்தது.
ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன், வால்வை மூடினேன்,
கதவெல்லாம் திறந்தேன்.
‘இதுக்கு எவ்வளவு ஆகும்?’ என்றார் தாசையன்.
எனக்க தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.
‘கம்பெனி ஓசி சர்வீஸ்’ என்றேன்.
கம்பெனியே நான்தான்.

டீச்சர் வீட்டுக்கு நான் போக வேண்டியதில்லை.
போனேன்.
வால்வு மூடியிருந்தது.
முற்றத்தில் மூன்று கல் கூட்டிக்
குட்டுவத்தில் வெள்ளம் கொதித்துக்கொண்டிருந்தது, நொச்சி வாசத்தோடு.
‘பிள்ளைக்குப் பால் குடுக்க எழும்புனோம்.
நிலா வெளிச்சத்துல கண்டேன்,
அந்தக் குடல் ஆடிச்சு.
ஆடிட்டு நின்னுது.’
அவ்வளவுதான் சொன்னார்.
முந்நூறைப் பற்றிப் பேச்சில்லை. நானும் கேட்கவில்லை.
சோப்பு தடவினேன், குமிழ் வரவில்லை.
சாயா வந்தது.

இன்று புதன். இருபத்துமூன்று முடிந்தது.
பாலப்பள்ளத்தில் பதினாறாவது வீடு மட்டும் பூட்டிக் கிடக்கிறது,
ஆள் குவைத்தில்.
சிலிண்டர் உள்ளே, என் நேரான குழாயோடு.
கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு
கள்ளனைப்போல் குனிந்து நிற்கிறேன்.
பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது.
போனில் மணி போகிறது, போகிறது.
எடுத்துவிட்டான்.
‘மக்கா, சாவி யாருட்ட இருக்கு?’