ஐந்நூறு மில்லி

எமிலியான்,
உன் கொப்பி என்னிடம்தான் இருக்கிறது.
ஒற்றை றூள். மட்டையில் கிறீஸ் விரல் அடையாளம்.

காலைத் தேத்தண்ணி அறுபது.
குளிசைக்கு முப்பது.
சொதி, இரண்டு கரண்டி, இருபது.
ஞாயிறுகளில் மட்டும்
நற்கருணைக்குப் பிறகு ஒரு மிடறு, பத்து.
ஆண்டவரையும் அளந்துதான் விழுங்கினாய்.
ஒவ்வொரு நாளின் அடியிலும் கோடிழுத்து
'மிச்சம்' என்று எழுதி ஓர் எண்.

செவ்வாயும் வெள்ளியும்
இரணைப்பாலையிலிருந்து முதல் பஸ்.
விசுவமடு தாண்ட விடியும்.
பரந்தன் சந்தியில் இளநீர்க் குலை தொங்கும் பக்கம்
நான் இருந்துகொள்வேன், நீ பார்க்காதபடி.
நீ அப்போது செபமாலையோடு இருப்பாய்.
இடம்பெயர்ந்து திரிந்த நாளில் அறுந்ததை
தங்கூசியில் கோர்த்திருந்தாய்.
தொலைந்த மணிக்குப் பதில் ஒரு முடிச்சு.
"செவ்வாயும் வெள்ளியும் துக்க தேவஇரகசியம் அக்கா.
பாத்தியே, ஆஸ்பத்திரிக்காரருக்கும்
தெரிஞ்சுதான் நாள் குறிச்சிருக்கினம்."
சொல்லிவிட்டுச் சிரித்தாய்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அந்தக் கடற்கரையில் நான் விட்டுவந்தது
செருப்பை மட்டுமில்லை என்று
உனக்குத் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை.

கிளிநொச்சியில் அந்த மெசின்
உன் இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவித் திருப்பித் தரும்.
ஊரின் இறைக்கிற மெசின் எல்லாம் திருத்தியவன் நீ,
கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய்:
"மிஸ், இண்டைக்கு இதின்ர சத்தம் சரியில்லை."
தாதி பார்த்தாள். சரியில்லைத்தான்.
அதன்பிறகு அவர்கள் உன்னை 'பாஸ்' என்று கூப்பிட்டார்கள்.
பக்கத்துக் கட்டில் தர்மலிங்கம் அண்ணை
பிள்ளையாருக்கு நேர்ந்து நூல் கட்டியிருந்தவர்,
ஊசி ஏற்றும்போது உன் கையைத்தான் பிடிப்பார்.
நீ செபம் சொல்வாய். அவர் முடிவில் "அரோகரா" என்பார்.
இரண்டு பேருக்கும் அது பொருந்திப்போனது.

எங்களுக்குப் பொருந்தவில்லை.
ஒரே வயிற்றில் கிடந்தோம்
பொருந்தாது என்று எழுதித் தந்தார்கள்.
அன்று வீட்டுக்கு வரும்வரை நான் பேசவில்லை.
நீதான் எனக்கு ஆறுதல் சொன்னாய். வெட்கம்.

சித்திரை வெயிலில்
குசினிக்குப் பின்னால் ஒளிந்துநின்று
செம்பை அண்ணாந்தேன்.
நீ வந்து நின்றாய், உதடு வெடித்து.
"முன்னால வந்து குடி அக்கா.
நீ விழுங்கிற சத்தம் கேட்டால்
எனக்கும் கொஞ்சம் இறங்கும்."
குடித்தேன். அழுதுகொண்டு குடித்தால் தண்ணீர்
மூக்கில் ஏறும். நீ முதுகில் தட்டினாய்.
"சிலுவையில தொங்கினவரும் கடைசியில
தண்ணிதானே கேட்டவர்.
அவருக்குக் காடி குடுத்தாங்கள்.
எனக்கு ஐஸ்கட்டி கிடைக்குது."

கோபம் வரும் எனக்கு.
உன்மேலா, அவர்மேலா, தெரியவில்லை.
ஒரு இரவு மட்டும்,
மழை பிடித்து முகட்டுத் தகரம் அதிர்ந்த இரவு,
நீ செபிக்கவில்லை.
"அவரிட்ட ஒண்டும் கேக்கப் பயமாக்கிடக்கு" என்றாய்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல என்னிடம் என்ன இருந்தது?
விடிய எழும்பிப் பார்த்தேன்:
முடிச்சில் விரலை வைத்தபடி உறங்கியிருந்தாய்,
மணிகளில் இல்லை, முடிச்சில்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து
கொப்பியின் கடைசித் தாளைத் திறந்தேன்.
மிச்சங்களையெல்லாம் கூட்டியிருக்கிறாய்.
இருபத்தாறு லீற்றர் நானூற்றிப் பத்து.
கீழே, கை நடுங்கிய எழுத்தில்:
'அங்க போய் ஒரேயடியா.'

குடித்தாயா?

எனக்கு இன்னமும் தெரியாது, தம்பி.
பூசையில் எல்லோரும் முழங்காலிட
நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.
ஆனால் மத்தியானம் கிணற்றடியில்
நீ திருத்திவைத்த மெசினின் கயிற்றை இழுத்தேன்.
முதல் இழுவையிலேயே பிடித்தது.
குழாய் வாயில் கையேந்தி
ஊருக்கே கேட்கிற மாதிரி
சத்தமாகக் குடித்தேன்.