மூன்றாம் தடம்

பழைய நாடா ஈரம் குடித்திருந்தது.
ஆப்பிள் வில்லைகளை உலர்த்தும் பெட்டியில்
எட்டு மணிநேரம் இளஞ்சூட்டில் வைத்தேன்.
பிறகு சுருளை ஏற்றி
இருபத்துமூன்று தடங்களின் வாயை அடைத்துவிட்டு
மூன்றாவதை மட்டும் பேசவிட்டேன்.

ஆர்லிஸ் டிப்டன்,
நாற்பத்தைந்து வருடம் கழித்து
முதலில் கேட்டது உன் நாற்காலியின் கிரீச்.

டேட்டன், ஒஹாயோ. எழுபத்தொன்பது ஜனவரி.
கம்பளக் கடைக்குப் பின்னால் எங்கள் ஒலிப்பதிவுக்கூடம்.
குளிர்பதனப் பெட்டி ஆலையில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து
பூட்ஸில் பனியும் நகத்தில் கிரீஸுமாக
நள்ளிரவு தாண்டி வருவாய்.
தோளில் மாட்டும் வார்,
யாருடைய காரிலிருந்தோ அறுத்துத் தைத்த சீட் பெல்ட்.
ஹீட்டர் மேல் பத்து விரலையும் காட்டுவாய்
அவை ஒவ்வொன்றாகத் தூக்கம் கலையும்வரை.

பேஸ் என்பது அஸ்திவாரம் என்று
இசைத்தட்டு உறையில் எவனோ எழுதினான்.
எந்த அஸ்திவாரம் இப்படி இடுப்பை ஆட்டும்?

முதல் அடியில் ஊன்றுவாய்.
அடுத்த மூன்றில் எங்கே போவாய் என்பது
டிரம் வாசித்த க்ளீட்டஸுக்கே தெரியாது.
கட்டைவிரலால் ஓர் அறை,
சுட்டுவிரலால் ஒரு சுண்டு,
நடுநடுவே ஊமைத் தட்டுகள்,
சுரமே இல்லாதவை,
பூட்டிய கதவை உள்ளிருந்து யாரோ நகத்தால் தட்டுவதுபோல.
கீபோர்டு ஏழின் கணக்கில் விண்வெளிக்குக் கிளம்பும்.
நீ அதன் காலரை ஒரு கையால் பிடித்தபடி
தரையில் ஆடிக்கொண்டிருப்பாய்.

தயாரிப்பாளர் ஹேல் சொன்னார்,
கிதார் மேலே வரட்டும் என்று.
நான்தான் உன் விசையை நான்கு டெசிபல் இறக்கினேன்.
எனக்கு இருபத்தாறு வயது.
அந்த அறையில் நான் ஒருத்தியே பெண்.
வேலை போய்விடும் என்ற பயம்.
காரணங்கள் எல்லாம் சரியானவை,
நான்கு டெசிபலும் துல்லியமாக நான்கு.

உறையில் உன் பெயரை ஆர்தர் என்று அச்சடித்தார்கள்.
முப்பத்தெட்டு டாலர் காசோலையைத் தூக்கிக் காட்டி
இதில் சரியாக இருக்கிறதே, போதும் என்றாய்.

ஆறாவது பாட்டு.
சாக்ஸபோன் நுழையும் முன்
ஓர் அடி முழுக்க நீ வாசிக்கவில்லை.
தவறு என்று நினைத்து
அதன்மேல் ஒரு டாம்பரினைப் போட்டு மூடினேன்.
பிறகு அந்த நுழைவைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்,
காலத்தையே நிறுத்திவைத்தான் ராஸ்கோ என்று.

இன்று தனியாகக் கேட்கிறேன்.
ராஸ்கோ தொலைந்திருக்கிறான்.
அவன் மூச்சு உன் மைக்கில் ஒழுகியிருக்கிறது,
இடம் தெரியாமல் தவிக்கும் மூச்சு.
நீ தந்தியிலிருந்து கையை எடுக்கிறாய்.
ஒன்று,
இரண்டு,
வாய்க்குள் அவனுக்காக எண்ணுகிறாய்.
அவன் காலை வைத்த இடத்தில்
அதுதான் முதல் அடி என்பதுபோல்
கீழே வந்து நிற்கிறாய்.

க்ளீட்டஸின் மகளிடம் உன் எண் வாங்கினேன்.
ஸீனியாவில் இருக்கிறாய்.
ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வாசிக்கிறாய்,
மற்ற நாளில் புல்வெட்டும் யந்திரங்களைப் பழுதுபார்க்கிறாய்.
சொல்லிமுடித்தேன்.
எதிர்முனையில் ஏதோ மோட்டார் அணைந்தது.
"அன்று அவனுக்குப் பல்வலி.
ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுவிட்டான்."
கொஞ்சம் பொறுத்து,
"யாரும் கவனிக்கவில்லைதானே?"

யாரும் கவனிக்கவில்லை என்றேன்.
எழுபத்தோரு வயதில் எனக்குத் தொண்டை அடைத்தது.
விசையை ஏற்றட்டுமா என்று கேட்டேன்.

"ஒன்றரை போதும், லொரெய்ன்.
அதற்கு மேல் போனால்
க்ளீட்டஸின் கால் கேட்காது."

ஒன்றரைதான் ஏற்றினேன்.
சரி, இரண்டு.
டாம்பரினை எடுத்துவிட்டேன்.