பதினெட்டு புள்ளி நான்கு

கசக்கினால் கை கறுக்கும்.
ஆய்வேட்டில் இதை எழுத முடியாது,
ஆனாலும் முதல் சோதனை அதுதான்.
கோரையாற்றை ஒட்டிய வரப்பில் குந்தி
கரிசலாங்கண்ணித் தண்டை நகத்தால் கிள்ளி
பச்சை, பழுப்பு, கறுப்பு என
மாறுகிற சாற்றைப் பார்த்திருந்தேன்.
எனக்கு முன்பே காற்று
வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது.

சட்டைப் பொத்தான் அளவு வெள்ளைப் பூ.
லென்சில் அது ஒரு பூ அல்ல;
ஓரத்தில் நாக்கு நீட்டியவை, நடுவில் குழல்கள்,
இடம் போதாத பந்தி.
எண்ணத் தொடங்கி எழுபதில் விட்டேன்.
மூக்குத்திப்பூ, நெய்ச்சிட்டி, கொட்டைக்கரந்தை:
இந்தக் குடும்பத்தில் யாரும்
தனியாகப் பூப்பதில்லை.

நிழலில் ஒன்பது நாள் உலர்த்த வேண்டும்.
ஐப்பசி என்பதால் பதினாறு ஆனது.
மெத்தனாலில் ஊறவைத்து வடித்து
ஃபெரிக் குளோரைடு இரண்டு சொட்டு.
குழாய்க்குள் மழை இருட்டு.
'ஃபீனால் இருக்கு' என்றார் நஸீமா மேடம்.
'என்ன ஃபீனால்னு யார் சொல்லுவா?'

சொல்லும் கருவி தஞ்சாவூரில்,
மணிக்கு எண்ணூறு ரூபாய்.
டிபன் கேரியரில் ஐஸ், ஐஸுக்குள் குப்பிகள்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
சரக்கு வண்டி முன்னும் பின்னும் போக
நாற்பது நிமிடம்.
என் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது
உதவித்தொகையின் இரண்டாம் தவணை.

திரையில் தட்டைக் கோடு. பிறகு மேடுகள்.
குளோரோஜெனிக் அமிலம், லூட்டியோலின்,
கொஞ்சம் பொறுத்து வெடலோலாக்டோன்,
அவரவர் நிமிடத்தில் வந்து இறங்கினார்கள்.
எல்லாரும் போனபின்
பதினெட்டு புள்ளி நான்கில்
யாரோ.

அன்றிரவு அதற்குப் பெயர் யோசித்தேன்.
வெட்கத்தோடு சொல்கிறேன்,
என் பெயரின் முதல் மூன்று எழுத்து அதில் இருந்தது.

கல்லூரிக் குளத்தோரச் செடியில் அந்த மேடு இல்லை.
வாய்க்கால் பாலத்தடிச் செடியிலும் இல்லை.
வைரக்கண்ணு வரப்பில் மட்டும்.

மேடம் கோட்டைப் பார்க்கவில்லை.
குப்பியைத் திறந்து கையால் விசிறி மோந்தார்.
'ஆஸ்பத்திரி வாசனை வரல?'
மேல்தட்டில் தூசி படிந்த பாட்டிலை இறக்கினார்:
டைகுளோரோஃபீனால்.
அடுத்த புதன், அதே ஐஸ், அதே கேட்.
பதினெட்டு புள்ளி நான்கு.
களைக்கொல்லி முறிந்து மிஞ்சும் துண்டு.
அதுவும் ஃபீனால்தான்.
என் ஆய்வுத் தலைப்புக்குள் அடங்கும்.

வைரக்கண்ணு ஸ்ப்ரேயரைக் கழுவிக்கொண்டிருந்தார்.
'மருந்தா? நடவாகி இருபதாம் நாள் அடிச்சேன்மா.
களை எடுக்க ஆள் எங்க கெடைக்குது?
கரிசலாங்கண்ணி அதுக்கெல்லாம் சாவாது,
ரெண்டு மழையில திரும்பத் தழைச்சிடும்.
நல்ல மருந்தாச்சே.
மச்சானுக்குக் காமாலை, நேத்துக்கூட
இந்த வரப்புல பறிச்சுத்தான்
மோர்ல அரைச்சுக் குடுத்தோம்.'

இரண்டு மருந்துக்கும் அவரிடம் ஒரே சொல்.
என்னிடமும் வேறு இல்லை.

அட்டவணை நான்கில் கடைசிக் கட்டம், 'மூலம்'.
இலை, இலை, இலை என்று எழுதி வந்தவள்
நாலாவது வரியில் 'வரப்பு' என்றேன்.
மேடம் அடித்துவிட்டு 'மாசு' என்று திருத்தினார்.

குளத்தோரச் செடியை ஒரு பை பறித்து
வைரக்கண்ணு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
இனி வரப்பில் பறிக்க வேண்டாம் என்றேன்,
ஏன் என்று மூன்று விதமாகச் சொன்னேன்.
அவர் மனைவி அஞ்சுகம் ஒரு தண்டை எடுத்து
கட்டைவிரலில் கசக்கி
கறுக்கும்வரை காத்திருந்தார்.
'நல்ல செடிதான்' என்றார்.

வரப்புச் செடியும்
அப்படித்தான் கறுத்தது.